பினாங்குப் பெட்டியில் வந்த தூண்டில் உருளை

 

நம் முன்னோர்களின் பெட்டகங்களில் கிடக்கும் பழம்பொருட்களைப் பற்றி இப்பகுதியில் எழுதி வருகிறேன். சென்ற மாதம் சுவர்க் கடிகாரங்களைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டு சிலர் புன்னகை செய்யக்கூடும். அது மீன் பிடிக்கும் ரீல். அதிலும் நடுவே ஒற்றைக் கதிரில் சுழலும் பழைய வகையாகிய சென்டர்பின் ரீல்.

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்குத் தூண்டிலில் என்ன வேலை என்று கேட்பவர்கள் எங்களூரில் இல்லை. ஏனெனில் காரைக்காலில் அரசலாற்றங்கரைக்கு அஸர் தொழுகைக்குப் பின் வருவோர் அனைவரும் என்னை அங்கே பார்த்திருக்கிறார்கள். வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் ஆகுமானவை என்று திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் அல்லாஹ் தெளிவாக்கியுள்ளான். இஹ்ராம் அணிந்திருப்பவருக்குத் தரைவேட்டை தடுக்கப்பட்டிருக்க, கடல்வேட்டை தடுக்கப்படவில்லை. உயிருள்ளதை இலக்காக வைத்து விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். ஆகவே உண்பதற்காகப் பிடிப்பதே என் வழக்கம். பிடித்துக் காட்டிவிட்டு மீண்டும் நீரில் விடும் மேல்நாட்டுப் பழக்கத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இப்போது பொருளுக்கு வருவோம்.

என் பாட்டனார் மர்ஹூம் அவர்கள் பினாங்கில் ஒரு துணிக்கடையில் பணியாற்றியவர்கள். 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது தாயகம் திரும்பிய ஆங்கிலேயர் பலர் தம் தட்டுமுட்டுப் பொருட்களை விற்றுவிட்டுச் சென்றனர். அப்படி விற்கப்பட்ட ஒரு பெட்டியில் இந்த ரீலும் இருந்திருக்கிறது. 1961இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது, கம்பளிக்கும் பீங்கான் கோப்பைகளுக்கும் இடையில் அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன் பின்தட்டில் ஆல்காக் என்றும் ரெடிச் என்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ரெடிச் என்பது இங்கிலாந்தில் தையல் ஊசிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஊசி செய்தவர்கள் தூண்டில் முள் செய்தார்கள். முள் செய்தவர்கள் பின்னர் ரீலும் செய்தார்கள். ஹார்டி என்று பொறித்த ரீல் உங்கள் வீட்டில் இருந்தால் அது ஆல்நிக் என்னும் ஊரில் செய்யப்பட்டது. மரத்தால் கடையப்பட்டுப் பின்புறம் பித்தளைப் பட்டை பதித்ததாக இருந்தால், நாட்டிங்காம் ரீல் என்று வழங்கப்படும் இன்னும் பழைய வகையாகும்.

ரீல் என்பதே ஐரோப்பியர் கண்டுபிடித்தது என்று எண்ணிவிட வேண்டாம். சீனத்து ஓவியர் மா யுவான் ஏறக்குறைய 1195இல் வரைந்த ஓவியத்தில், குளிர்கால ஏரியில் தனியாகப் படகில் அமர்ந்திருக்கும் மனிதரின் தூண்டிற்கோலில் உருளை இருக்கிறது. நம் நாட்டில் இதன் காலம் ஆங்கிலேயருடன் வந்தது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873இல் ஒரு நூலும், குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி 1887இல் இன்னொரு நூலும் வெளியிட்டார். மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீர் மீனைத் தூண்டிலில் பிடித்தார். கபினி காவிரியில் கலக்கிறது. காவிரியின் கிளையாகிய அரசலாறு எங்களூரில் கடலைச் சேர்கிறது. அந்த மீன் எங்கள் பக்கம் வருவதில்லை. இன்று அது மேலேயே அரிதாகிவிட்டது. அழிவின் விளிம்பில் உள்ள இனமென 2018இல் பன்னாட்டுச் செம்பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. எங்களுக்கு வாய்ப்பவை மடவை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கொடுவா.

இந்த ரீலின் அமைப்பு குழந்தைக்கும் புரியக்கூடியது. கைராட்டையில் கதிர் பார்த்திருக்கிறீர்கள். அதுபோன்ற ஓர் எஃகுக் கதிர் பின்தட்டின் நடுவே நிற்கும். அதில் செருகிய உருளை தடையின்றிச் சுழலும். பல்சக்கரம் கொண்டு வேகத்தைப் பெருக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளையும் ஒரு சுற்றுதான் சுற்றும். நாலங்குல விட்டமுள்ள உருளை நிறைய நரம்பு இருக்கும்போது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஓரடி நரம்பு உள்ளே வரும். மீன் இழுக்கும்போது தடுக்கும் கருவியும் கிடையாது. உங்கள் விரல்தான் தடை. பின்புறத்தில் சிறிய பற்சக்கரமும் அதில் தட்டும் ஒரு நாக்கும் இருக்கும். அது சுழலும்போது ‘டக் டக்’ என்று ஒலிக்கும். நடந்து செல்லும்போது நரம்பு தானாக அவிழாமலிருக்க அது உதவும். பெரிய மீனைத் தடுக்க அதை நம்பினால் நாக்கு தேய்ந்து போகும்.

நல்ல ரீலா என்று அறிய ஒரு சோதனை உண்டு. நரம்பைக் கழற்றிவிட்டு, ‘டக் டக்’ நாக்கை விலக்கி, உருளையை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். நன்றாகப் பேணப்பட்ட ரீல் ஒரு நிமிடம்கூட ஓசையின்றிச் சுழலும். சில சுற்றுகளில் நின்றுவிட்டால் கதிரில் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது, அல்லது விளிம்பு எங்கோ உரசுகிறது என்று பொருள்.

இதைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று அலைக்குள் வீச முயல்வோரைப் பார்க்கிறேன். அது வீண் முயற்சி. அதற்கென ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஆல்வி நிறுவனம் 1920இலிருந்து செய்த வகை வேறு. வீசும்போது உருளை பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும் அமைப்பு அதில் உண்டு. நம் பெட்டியில் கிடப்பதோ ஓடும் நீருக்கு உரியது. மேட்டூர் அணை திறந்து, கடைமடையாகிய எங்கள் பகுதிக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தபின், கடல்நீர் வடியும் நேரம் பார்த்து அரசலாற்றங்கரையில் நில்லுங்கள். கோலின் அடியில் ரீல் தொங்கட்டும். தக்கையை நீரில் விட்டால் ஓட்டம் அதை இழுக்கும். தக்கை நரம்பை இழுக்கும், நரம்பு உருளையைச் சுழற்றும். நீங்கள் செய்ய வேண்டியது பெருவிரலை உருளையின் விளிம்பில் இறகு தொடுவதுபோல் வைத்திருப்பது மட்டுமே. சற்றே அழுத்தினால் தக்கை தயங்கும். அப்போது இரை அடியிலிருந்து மேலெழும்பும். மடவை பெரும்பாலும் அந்தத் தயக்கத்தில்தான் கவ்வுகிறது. பிசைந்த ரொட்டியே அதற்குப் போதுமான இரை. முள் சிறியதாக இருக்கட்டும்.

மீன் கவ்வியதும் விளிம்பை அழுத்திப் பிடித்துக் கோலை உயர்த்துங்கள். அது ஓடத் தொடங்கினால் அழுத்தத்தைக் குறைத்து ஓடவிடுங்கள். இவ்வேளையில் விரல் கைப்பிடிகளின் பாதையில் இருக்கவே கூடாது. வேகமாகச் சுழலும் கைப்பிடி முட்டியில் அடித்தால் ஒரு வாரம் பேனா பிடிக்க முடியாது. அனுபவித்தவன் சொல்கிறேன். தளர்ந்த நரம்பை விரைவாகச் சுற்ற வேண்டுமானால் உள்ளங்கையால் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுழற்றலாம். தூர வீச விரும்பும் புதியவர்களுக்கு ஒரு சொல். உருளையிலிருந்து நேரே வீச முயன்றால் நரம்பு சிக்கிக் குருவிக்கூடாகும். கோலின் வளையங்களுக்கு இடையிலிருந்து இரண்டு மூன்று மடிப்பு நரம்பைக் கையால் இழுத்து வைத்துக்கொண்டு, வீசும்போது விட்டுவிடுங்கள். ஆற்றுக்கு அந்தத் தூரம் போதும்.

இனிப் பராமரிப்பு. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம் வீடுகளில் இவை பயன்பாட்டால் கெட்டதைவிடத் துலக்கியதால் கெட்டதே அதிகம்.

எங்கள் ஆற்றுநீர் பாதி உப்பு. ரீலின் உருளை அலுமினியம், பாதம் பித்தளை, கதிர் எஃகு. வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, நடுவே உப்புநீர் தங்கினால் அலுமினியம் அரிக்கப்படும். பாதத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான் அடையாளம். எனவே வீடு திரும்பியதும் மக்ரிபுக்கு முன்னரோ பின்னரோ உருளையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் உலரவிடுங்கள். குழாயடியில் வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். ஒரு மணல் துகள் கதிருக்குள் சென்றால் போதும், ஒரே மாலையில் கீறல் விழுந்துவிடும். மணலில் ரீலைக் கிடத்துவதும் இதே காரணத்தால் கூடாது.

உலர்ந்தபின் கதிரில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. ஒரு துளிதான். மிகுந்தால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பற்சக்கரத்தில் மட்டும் கடுகளவு கிரீஸ் தடவலாம். கைக்கு எட்டியதென்று தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள். அது நாளடைவில் பிசுபிசுத்து உருளையை நிறுத்திவிடும். பல ஆண்டு திறக்கப்படாமல் இறுகிப்போன ரீல் கிடைத்தால் சுத்தியலைத் தேடாமல் மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவிடுங்கள். மர ரீலாக இருந்தால் ஊறவைக்கவே கூடாது. ஈரம் பட்டால் மரம் உப்பி உருளை சுழலாமல் நின்றுவிடும். அதைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் பொறுமையாக உலர்த்துவதே வழி.

திருகாணிகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அவை பழைய ஆங்கிலேய அளவில் மரை இடப்பட்டவை. தொலைந்தால் எங்களூர்க் கடைகளில் அதற்கு இணை கிடைக்காது. வேறொன்றை வலிந்து திருகினால் மரையே கெட்டுவிடும். எனவே வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வைத்தே கழற்றுங்கள். திருப்புளியின் முனை திருகாணித் தலையின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். கடையில் வாங்கிய புதுக் கோலில் பழைய ரீலின் பாதம் பொருந்தவில்லை என்று அரம் கொண்டு பாதத்தைத் தேய்த்துவிடுகிறார்கள். இது பெரும் பிழை. கோலை மாற்றலாம், தேய்த்த பாதத்தை வளர்க்க முடியாது.

நைலான் நரம்பைப் பற்றிப் பலர் அறியாத ஒன்று உண்டு. இந்த ரீல்கள் பலவும் பட்டு நரம்பு வழக்கில் இருந்த காலத்தில் உருவானவை. நைலான் நீளும் இயல்புடையது. மீனுடன் போராடி இறுக்கமாகச் சுற்றிய நைலான், மீண்டும் சுருங்க முயன்று உருளையை நெரிக்கும். பழைய உருளைகள் இதனால் கோணியிருக்கின்றன, வெடித்தும் இருக்கின்றன. பெரிய மீன் பிடித்த நாளில் நரம்பு முழுவதையும் இழுத்துவிட்டுத் தளர்வாக மீண்டும் சுற்றுங்கள். மழைக்காலம் மூன்று மாதமும் ரீலை எடுக்கப் போவதில்லை என்றால் நரம்பைக் கழற்றி ஒரு பலகைத் துண்டில் சுற்றி வையுங்கள். ரீலைப் பருத்திப் பையில் வையுங்கள். அதனுடன் வந்த தோல் உறை அழகாகத்தான் இருக்கும். ஆனால் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உலோகத்தைக் கறுக்கச் செய்யும். அதனால் உறை தனியாக, ரீல் தனியாக இருக்கட்டும்.

துலக்குவதைப் பற்றி வருகிறேன். எங்கள் ரீலின் பின்தட்டில் ஒரு பாதி கருமையாகவும் மறுபாதி குழிகுழியாக வெளுத்தும் இருக்கிறது. பித்தளை மெருகிடும் திரவமோ, புளியோ, சாம்பலோ எதுவும் பழைய ரீலின் மேல் படக்கூடாது. சாம்பலில் உள்ள காரம் அலுமினியத்தைத் தின்னும். காலத்தால் படிந்த கருமை அழுக்கன்று. அதுவே உலோகத்தின் போர்வை. அதை நீக்கினால் எழுத்துகளும் மங்கும், மதிப்பும் பாதியாகும். எங்கள் ரீலின் வெளுத்த பக்கம் எவ்வாறு நேர்ந்ததென்று நாற்பது வயது கடக்கும்வரை எனக்குத் தெரியாது. தெரிய வந்த வகை இது.

சில ஆண்டுகளுக்கு முன் மதரஸாவில் வாரிசுரிமைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இறந்தவர் விட்டுச்சென்றது சிறிதாயினும் பெரிதாயினும் வாரிசுகளுக்குப் பங்குண்டு என்று விளக்கியபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, “ஹஜரத், தூண்டிலுக்கும் உண்டா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “உண்டு” என்றேன். அன்று மாலை ரீலைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கேள்வி யாரை நோக்கியதென்று உறைத்தது.

பாட்டனார் 1988இல் மறைந்தார்கள். பாட்டியார் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்கள். வீடும் நிலமும் முறைப்படி பங்கிடப்பட்டன. தூண்டில் விளையாட்டுச் சாமானென்று எவரும் கணக்கில் கொள்ளவில்லை. அது வாப்பாவின் கையில் இருந்தது. 2014இல் வாப்பா மறைந்தபின் என் கைக்கு வந்தது. கரும்பலகையில் கணக்கிட்டுப் பார்த்தேன். பாட்டனாரின் ஒரே மகன் வாப்பா, மகள்மார் இருவர். எனவே வாப்பாவுக்குப் பாதி, மாமிமார் இருவருக்கும் கால் பங்கு வீதம். வாப்பாவின் பாதியில் உம்மாவுக்கு எட்டில் ஒன்று போக, எஞ்சியதில் எனக்கு இரண்டு, தங்கைக்கு ஒன்று. ரீலை 48 பங்காக வைத்தால் மாமிமாருக்கு 12, 12. உம்மாவுக்கு 3. தங்கைக்கு 7. எனக்கு 14. மூன்றில் ஒன்றுகூட என்னுடையதில்லாத பொருளை, எவரிடமும் கேளாமல், இத்தனை ஆண்டு ஆற்றில் நனைத்திருக்கிறேன்.

பழைய ரீல் சேகரிப்பவர்களை அறிந்த நண்பர் ஒருவர் பிரான்சில் இருக்கிறார். அவருக்குப் படம் அனுப்பி மதிப்புக் கேட்டேன். அவர் சொன்ன தொகை என் இரண்டு மாத ஊதியத்தைத் தாண்டியது. வெளுத்த பக்கம் இல்லாதிருந்தால் இன்னும் மிகுதி என்றும் எழுதியிருந்தார்.

உம்மாவும் தங்கையும் உடனே ஒப்பினார்கள். மூத்த மாமி காலமாகிவிட்டதால் அவர்களுடைய பங்கு அவர்களின் பிள்ளைகள் இருவரைச் சேர்ந்தது. ஒருவர் விட்டுக்கொடுத்தார். மற்றவர் தம் பங்கின் மதிப்பைத் தரும்படி கேட்டார். உறவினர் சிலர் அவரைக் குறை கூறினர். அது தவறு. கேட்பது அவருடைய உரிமை. நான்கு தவணையில் கொடுத்து முடித்தேன்.

இளைய மாமி நாகூரில் இருக்கிறார்கள். எழுபதைக் கடந்தவர்கள். ரீலைக் கையோடு எடுத்துச் சென்று முன்னே வைத்து விவரம் சொன்னேன். கணக்கை அவர்கள் காதில் வாங்கவே இல்லை. ரீலைத் திருப்பிப் பார்த்து, வெளுத்த பக்கத்தை விரலால் தடவினார்கள்.

“இது நான் செஞ்சது வாப்பா. பத்து வயசு எனக்கு. பெருநாளைக்குக் குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் புளியும் சாம்பலும் வச்சுத் துலக்கினோம். இதுவும் கறுப்பா கிடந்துச்சு. பாதி துலக்கும்போது உன் பாட்டனார் வந்துட்டாங்க. அடிக்கல. பிடுங்கி எடுத்துக்கிட்டுப் போனாங்க. அதுக்குப் பிறகு இதை நான் தொட்டதே இல்லை” என்றார்கள்.

தம் பங்கை எனக்கே தந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்கள். அவர்களுடைய பேரனுக்கு இதைக் கையாளக் கற்றுத்தர வேண்டும். பையன் பள்ளி விடுமுறையில் காரைக்கால் வருகிறான். கைப்பிடியில் இரண்டு முறை முட்டியை அடித்துக்கொண்டான். மூன்றாம் முறை மடவை ஒன்றைக் கரை சேர்த்தான். திரும்பி வந்ததும் வெள்ளைத் துணியை விரித்து, திருகாணிகளை எண்ணி வரிசையாக வைத்தான். ஒன்று குறைந்தது. விளக்கை ஏற்றித் தரையெல்லாம் தேடினோம். இஷாவுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் அது அவன் சட்டைப் பையிலேயே கிடைத்தது.